சம்பங்கி வேறு, சம்பிகே வேறு

பென்சன் டவுன், பெங்களூர்
20-8-1961, ஞாயிறு

அன்பு மகன் ராஜேந்திரனுக்கு அம்மா முத்தம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் தோட்டமும் பங்களாக்காரர் ஓஸ்வால்ட் துரையும் அவருடைய கிழட்டு நாய் டெய்சியும் புத்தர் அருளால் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் காந்தாவும் அவள் வயிற்றில் இருக்கிற குட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது, "நலம்" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதே. இங்கே ஐந்து நாளாகத் தூறல் விடவில்லை, துணி காயவில்லை, எனக்கு முழங்கால் கொஞ்சம் வலிக்கிறது, அதற்குக் காரணம் மழை இல்லை, பின்னால் சொல்கிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. செப்டம்பர் இரண்டாம் தேதி லீவு போட்டு வந்து என்னைப் பிலாய்க்கு அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறாய். வராதே. அந்த லீவைப் பிள்ளை பிறக்கும்போது எடுத்துக்கொள். நான் பெங்களூரை விட்டு வரப்போவதில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை, யாரும் சொல்லிக்கொடுத்தும் எழுதவில்லை. கடைசி வரைக்கும் படி, பாதியில் நிறுத்திவிட்டு காந்தாவிடம் எங்கம்மா பிடிவாதக்காரி என்று சொல்லாதே. பிடிவாதம்தான், எனக்கே தெரியும்.

உன்னிடம் ஆறு மாதமாக ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன். பொங்கல் கழிந்து உன் அப்பா போனார், நீ வந்து காரியமெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பிப் போனாய். நீ போன மறு வாரமே துரை என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, உனக்கே தெரியும், நீ படிக்கும்போது விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவர். ஆனாலும் அவர் சொன்னது என்னவென்றால், இந்த அவுட்ஹவுஸ் தோட்டக்கார மாலிக்கு உண்டான வீடு, பச்சைமுத்து போன பிறகு வேறு மாலி வைக்க வேண்டும், நாணு என்று ஒரு ஆள் கேட்டிருக்கிறான், அவனுக்கு வீடு வேண்டும் என்பதுதான். நான் கேட்டேன், இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தோட்டத்தில் பாதி வேலை யார் செய்தது, அந்த மாலி நானாக இருந்தால் என்ன என்று. துரை சிரித்துவிட்டார். "மாலிக்கு ஆம்பளை வேணும் முத்தம்மா, போர்ட்டிகோ மேலே காகிதப்பூ இருக்கு, ஏணி யாரு ஏறும்" என்று கேட்டார். ஏணி நான் ஏறுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. கடைசியில் ஆகஸ்டு மாதம் நம் பேட்டைப் பூச்சங்கத்துப் பூக்காட்சி வரைக்கும் தோட்டத்தை நீயே பார், ஒன்பது வருஷமாக நம் பங்களாவுக்குத் தொட்டிப் பூவில் கோப்பை வருகிறது, இந்த வருஷமும் வந்தால் யோசிக்கலாம், வராவிட்டால் செப்டம்பர் முதல் தேதி நாணு வருவான் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உனக்கு எழுதியிருந்தால் நீ அன்றைக்கே ரயில் ஏறியிருப்பாய், அதனால் எழுதவில்லை. திட்டுவதானால் திட்டிக்கொள்.

அந்த நாணு இரண்டு தடவை வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். வேலை தெரிந்தவன்தான், ஆனால் அவனுக்கு எல்லாச் செடியும் ஒன்றுதான். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றுவான், எதைப் பார்த்தாலும் பெரிய கத்தரியை எடுப்பான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறதே. காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்துக் காயப்போட்டால்தான் பூக்கும், கொஞ்சினால் வெறும் இலையாக விட்டுவிட்டு நம்மை ஏமாற்றும். நாய்மூஞ்சிப்பூவின் நுனியை நாலு விரல் உயரத்தில் கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியாக நிற்கும். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது, ஆனால் தலையில் வைத்தால் இரண்டு நாள் வாடாது. ஹைட்ரேஞ்சியாவுக்கு மண்ணை மாற்றினால் பூவின் நிறமே மாறிப்போகும், நீல நிறத்தில் வேண்டும் என்று உன் அப்பா படிகாரத்தைக் கரைத்து ஊற்றுவார், துரை அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடமெல்லாம் தன் யோசனை என்று சொல்லிக்கொள்வார். இதையெல்லாம் நான் ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லை, அவர் கூடவே நின்று கையால் தெரிந்துகொண்டது. இதை அப்படியே போட்டுவிட்டுப் பிலாய்க்கு வந்து உன் குவார்ட்டர்ஸில் காலை நீட்டிக்கொண்டு உட்காரச் சொன்னால் என்னால் முடியாது.

கோப்பைக்கு எதை வைப்பது என்று யோசித்து, சம்பங்கியை வைப்பதென்று முடிவு செய்தேன். டிசம்பரில் உன் அப்பா கிழங்குகளைத் தோண்டி எடுத்துக் காயவைத்துச் சாக்கில் போட்டு வைத்திருந்தார். மார்ச்சில் நான் அதைப் பிரித்து, நல்ல உருண்டைக் கிழங்காகப் பொறுக்கி, தொட்டிக்கு மூன்றாக ஆறு தொட்டியில் நட்டேன். செம்மண் இரண்டு பங்கு, மக்கின இலை ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. சாணம் அதிகம் போட்டால் சம்பங்கி இலையாகத் தள்ளும், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிப்போகும், நிழலில் வைத்தால் தண்டு கோணிக்கொள்ளும். அதனால் தொட்டிக்கடியில் செங்கல் வைத்து, மழை வந்தால் தாழ்வாரத்துக்கும் வெயில் வந்தால் வெளியிலுமாகத் தூக்கித் தூக்கி வைத்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது தூக்கியிருப்பேன். ஜூலை கடைசியில் மூன்று தொட்டியில் தண்டு அவசரப்பட்டு வந்துவிட்டது, அதைக் கொஞ்சம் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றினேன். மற்ற மூன்றைத் தெற்குச் சுவரோரம் வைத்துச் சூடு காட்டினேன். சம்பங்கி கீழிருந்து மேலே ஒவ்வொரு மொட்டாகத்தான் விரியும், பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆறு தொட்டியும் ஒன்றாக நிற்க வேண்டுமே. நின்றது ராஜேந்திரா. சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது பதினெட்டுத் தண்டும் நிமிர்ந்து, அடியில் ஏழெட்டுப் பூ வெள்ளை வெளேரென்று விரிந்து இருந்தது. உன் அப்பா இருந்திருந்தால் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருப்பார். அன்றைக்குத்தான் அழுதேன், அதற்கு முன்னால் அவ்வளவாக அழவில்லை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பூக்காட்சிக்கு விண்ணப்பப் பாரத்தை வருஷா வருஷம் துரைதான் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார். இந்தத் தடவை அவருக்குக் கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்ததால் என்னையே போய்ப் பதிந்துவிட்டு வரச் சொன்னார். சங்கத்துக் குமாஸ்தா சேஷகிரி ராயர் கன்னடக்காரர், பெரிய நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முன்னால் ஏகப்பட்ட கூட்டம். என்ன பூ என்று கேட்டார். சம்பங்கி, ஆறு என்றேன். அவர் எழுதிக்கொண்டார், நானும் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தி நடந்து வந்துவிட்டேன். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயே சொல், முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், நாம் சம்பங்கி என்பதைக் கன்னடத்தில் சுகந்தராஜ என்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? நாம் செண்பகம் என்கிற மரத்துக்குத்தான் அவர்கள் சம்பிகே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மார்க்கெட்டில் சரியாகக் கேட்டு வாங்குகிற நாக்கு, அன்றைக்கு ஏனோ வீட்டுப் பேச்சில் போய்விட்டது. நான் சொன்ன சம்பங்கி அவர் காதில் சம்பிகே என்று விழுந்து, ஆறு தொட்டி ஆறு கொம்பு ஆகி, மரப்பூ வரிசையில் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த பங்களா மாலி பெருமாள்சாமியின் கைவண்டியில் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துப் பந்தலுக்குப் போய்விட்டோம். தொட்டி வரிசையில் துரை பேருக்கு இடமே இல்லை. தேடித் தேடிப் பார்த்தால் மரப்பூ மேஜையில் துரை பேரும் தண்ணீர் நிரப்பின ஒரு பீங்கான் ஜாடியும் இருக்கிறது. ராயரிடம் ஓடினேன். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டி, "புஸ்தகதல்லி சம்பிகே அந்த இதே, நானேனு மாட்லி" என்று கையை விரித்தார். புத்தகத்தில் சம்பிகே என்று இருக்கிறது, நான் என்ன செய்வது, இருப்பதுதான் கணக்கு, தொட்டி வரிசை வெள்ளிக்கிழமையே மூடியாயிற்று, பத்து மணிக்கு நடுவர்கள் வருகிறார்கள், சம்பிகே இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் ஜாடியை எடுத்துவிடுகிறேன் என்றார். பெருமாள்சாமி வண்டியைத் திருப்பிவிட்டான், வாங்கக்கா போகலாம் என்று. நான் நகரவில்லை. ஐந்து மாதம் தூக்கி வைத்த தொட்டியோடு வெறுங்கையாகத் திரும்பிப் போய்த் துரை முன்னால் நின்று என்ன சொல்வது? புத்தகத்தில் சம்பிகே என்று இருந்தால் சம்பிகேயையே கொண்டுவருகிறேன், ஜாடியில் கை வைக்காதீர்கள் என்று ராயரிடம் சொல்லிவிட்டு, ஆறு தொட்டியையும் அந்த மேஜைக்கடியில் துணி மறைவில் தள்ளிவைத்துவிட்டு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

நம் கிணற்றடியில் செண்பக மரம் இருக்கிறதே, அதை யாரும் தோட்டத்தில் சேர்த்துப் பார்த்ததில்லை. பூவெல்லாம் உச்சியில்தான். ஏணியைச் சாத்தினேன், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். ஏணி முடிகிற இடத்தில் இன்னும் ஒரு ஆள் உயரம் பாக்கி. பெருமாள்சாமி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "யக்கா எறங்கிடு, நீ வுழுந்தா ஒன் புள்ளைக்கி யாரு தந்தி குடுக்கறது" என்று கத்திக்கொண்டே இருந்தான். பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் கவட்டையில் கால் வைத்து ஏறிவிட்டேன். ஏறின பிறகு அவசரப்படவில்லை. செண்பகத்தில் நன்றாக விரிந்த பூவைப் பறித்தால் மத்தியானத்துக்குள் பழுப்பாகிவிடும், இதழில் விரல் பட்டால் பட்ட இடம் கறுத்துவிடும். அதனால் விரிந்ததையெல்லாம் விட்டுவிட்டு, அன்றைக்குத்தான் வாயைத் திறக்கலாமா என்று பார்க்கிற மொட்டுகள் உள்ள கொம்பாக ஆறு எடுத்தேன். கொம்பை இறுக்கிப் பிடித்து வெட்டி, முந்தானையில் கட்டிக் கீழே இறக்கினேன். இலை தண்ணீரைக் குடித்துவிடும் என்று பாதி இலையைக் கிள்ளிப் போட்டேன். இறங்கும்போது முழங்கால் மரத்தில் உரசித் தோல் போயிற்று, அதுதான் இந்த வலி. கீழே வந்து பார்த்தால் துரை சமையற்கட்டு வாசலில் டீக் கோப்பையோடு நிற்கிறார், ஒற்றைக் கண்ணில் கட்டு, மற்றக் கண் இவ்வளவு பெரிதாகத் திறந்திருக்கிறது. எவ்வளவு நேரமாக நின்றாரோ. மணி ஒன்பது ஆகியிருந்தது, கொம்புகளோடு பந்தலுக்கு ஓடினேன்.

ஒன்பதரைக்கு ஜாடியில் வைத்துவிட்டேன். நடுவர்கள் வந்தபோது மொட்டெல்லாம் விரிந்து, பக்கத்து ஜாடிகளில் இருந்த பெரிய பூவெல்லாம் அதற்குள் ஓரம் கறுத்துப் போயிருந்தது. இருந்தாலும் மல்லேசுவரத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த பூ எங்களுடையதைவிட நல்ல மஞ்சள், முதல் பரிசுச் சீட்டு அவருக்குப் போயிற்று, நியாயம்தான். நமக்கு இரண்டாவது சீட்டு. கோப்பை வேறு யாருக்கோ போய்விட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் துரையின் அலமாரியில் இந்த வருஷம் இடம் காலி. சாயங்காலம் வரைக்கும் அந்த மேஜை ஓரத்திலேயே மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கினதும் வேடிக்கை ஆரம்பித்தது. சம்பங்கியின் குணம் தெரியுமே உனக்கு, பகலில் அடக்கமாக இருக்கும், பொழுது சாயச் சாயத்தான் வாசனையை அவிழ்த்துவிடும். பந்தலில் போகிறவர்கள் எல்லாம் செண்பக ஜாடியருகே வந்து குனிந்து குனிந்து மோந்து பார்க்கிறார்கள். சங்கத்தில் சுப்புலக்ஷ்மி அம்மாள் என்று ஒருவர், டாக்டர் வீட்டம்மா, "இது செண்பக வாசனை இல்லையே" என்று சொல்லிக்கொண்டே மேஜைத் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டார். அடியில் ஆறு தொட்டி, பதினெட்டுத் தண்டு. பந்தலில் இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாள் ஒரு தொட்டியைத் தன் கையாலேயே தூக்கி மேஜைமேல் வைத்தார். சேஷகிரி ராயர் வந்து பார்த்துவிட்டு, இதுவா உங்கள் சம்பங்கி, இது சுகந்தராஜ அல்லவா என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நடுவர்கள் போய்விட்டதால் சீட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. கிழங்கு வேண்டும் என்று மட்டும் பதினோரு பேர் கேட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் துரையும் பந்தலுக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்தார், திரும்பும்போது என்னோடு நடந்தே வந்தார். வழி முழுக்கத் தடியைத் தட்டிக்கொண்டே வந்தார். நாணு வரப்போகிறான், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். கேட்டுக்கு வந்ததும் நின்று, "அடுத்த வருஷம் பாரம் நான் இங்கிலீஷ்லே எழுதும், நீ தொட்டி மட்டும் பாரு" என்றார். வேறு யாராவது என்றால் அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டு உள்ளே போயிருப்பார்கள். நான் போகவில்லை. "அடுத்த வருஷம் மாலி யாருங்க துரை, அத மொதல்ல சொல்லுங்க" என்று கேட்டேன். தடியால் கிணற்றடிப் பக்கம் காட்டி, "ஏணி யாரு ஏறிச்சோ அவங்கதான்" என்றார். அப்படியானால் பச்சைமுத்துவுக்கு என்ன சம்பளமோ அதேதான் எனக்கும், பொம்பளைக் கூலி என்று குறைக்கக் கூடாது, வீடும் என் பேரில் என்றேன். தலையை ஆட்டினார். மறுநாளே நாணுவுக்கு ஆள் விட்டுச் சொல்லியாயிற்று, அவனுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதாம், நன்றாக இருக்கட்டும். திங்கட்கிழமையே போர்ட்டிகோவுக்கு ஏணியைச் சாத்திக் காகிதப்பூவைக் கழித்துவிட்டேன், முழங்கால் வலியோடுதான்.

ஆகவே ராஜேந்திரா, உன் அம்மா கஷ்டப்படுகிறாள் என்று நாலு பேர் சொல்வார்கள், நீ அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நீ கூப்பிட்டது பாசத்தில்தான், எனக்குப் புரிகிறது, படித்தபோது சந்தோஷமாகவும் இருந்தது. காந்தாவைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதே, ஏழாம் மாதம் ஆயிற்று. அடுத்த மாதம் அவள் அம்மா லட்சுமம்மா வந்து தங்கவயலுக்கு அழைத்துப் போவாள் அல்லவா, பிள்ளை பிறந்ததும் நான் ஒரு வாரம் லீவு கேட்டுக்கொண்டு அங்கே வருவேன். பார், எனக்கும் இப்போது லீவு இருக்கிறது. உன் குவார்ட்டர்ஸ் முன்னால் ஒன்றும் முளைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். பிலாய் வெயிலுக்கு ரோஜா கீஜா என்று ஆசைப்படாதே. நித்தியகல்யாணியை வை, மறந்துபோனாலும் சாகாது. அந்திமந்தாரை வை, நீ ஷிப்டு முடித்து வருகிற நேரத்துக்குச் சரியாக மலரும். காசித்தும்பை விதை கொஞ்சம் இந்த உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன், தூவினால் போதும், முற்றிய காயைத் தொட்டால் வெடித்து அதுவே அடுத்த வருஷத்துக்கு விதை போட்டுக்கொள்ளும். பல் விளக்கின தண்ணீரை அதில் ஊற்றாதே.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல் நூறு வயசு இருக்க வேண்டும். பௌர்ணமிக்குப் பௌத்த சங்கத்தில் புத்தர் முன்னால் உங்கள் பேரைச் சொல்லிப் பூ வைக்கிறேன். கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. நீ இன்னும் உறையின்மேல் பச்சைமுத்து, மாலி என்றுதான் விலாசம் எழுதுகிறாய். பழக்கம், உன்மேல் தப்பில்லை. தபால்காரர் கேட்டில் நின்று அந்தப் பேரைக் கூவுகிறார், நானும் பழக்கத்தில் கடிதத்தை வாங்கிக்கொண்டு, உங்கள் பிள்ளை எழுதியிருக்கிறான் என்று உன் அப்பாவிடம் சொல்ல ரோஜாப் பாத்தி வரைக்கும் போய்விடுகிறேன். போன வியாழக்கிழமையும் போனேன். இனிமேல் முத்தம்மா, மாலி என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்தம்மா